வீட்டிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை: தனி அறை இல்லாத ஏழைக்கு என்ன வழி?

புது தில்லி: குஜராத் மாநிலம் சூரத் நகரின் விசைத்தறிக் கூடங்களை இயக்கும் கரங்களில் கணிசமானவை ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து வந்தவை. பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்ட வேண்டும். மீதி நேரத்துக்கு 'மெஸ்' என்று அழைக்கப்படும் கூடத்தில் ஒரு பாய் கிடைக்கும். பகல் ஷிப்டுக்குப் போனவரின் பாயில் இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறங்குவார். மாலையில் அவர் எழுந்து போனதும் முதலாமவர் வந்து படுப்பார். ஒரே கூடத்தில் பல பத்துப் பேர் தங்கியிருப்பார்கள். அங்கு ஒருவருக்கென்று ஒரு மூலை கிடையாது. பூட்டிக்கொள்ள ஒரு கதவும் கிடையாது.

பிழைப்புக்காக ஊரைவிட்டு ஊர் போகும் ஆண்களும், ஊரில் காத்திருக்கும் அவர்களது மனைவியரும் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாவதை எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தினர் நீண்ட காலமாகவே கவனித்து வருகிறார்கள். ஒடிசாவில் பாதிப்பு மிகுந்த மாவட்டமாக கஞ்சாம் பேசப்படுவதற்கு சூரத்துக்கும் மும்பைக்கும் செல்லும் இந்தத் தொழிலாளர் பெயர்ச்சியே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இத்தகைய மனிதர் ஒருவர் தமக்குத் தொற்று இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், அரசு மருத்துவமனையின் வேலை நேரத்தில் அங்கு போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். நெய்த துணியின் மீட்டர் கணக்கில் கூலி பெறுபவருக்கு, மருத்துவமனையில் கழியும் நாள் கூலி இல்லாத நாள். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் உண்டு. "அந்த அறை'யின் வாசலில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிட்டால் என்ன ஆவது?

இந்த இரு தடைகளுக்கும் மாற்றாக உலகெங்கும் முன்வைக்கப்படுவது, வீட்டிலேயே தாமாகச் செய்துகொள்ளும் எச்.ஐ.வி. பரிசோதனை. யாரிடமும் சொல்ல வேண்டாம். எங்கும் போக வேண்டாம். இருபது நிமிடத்தில் விடை தெரிந்துவிடும் என்கிறார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் "வீட்டிலேயே' என்ற சொல்லுக்குள் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு தனி அறை இருக்கிறது. அவை இரண்டும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை எந்த வடிவில் போய்ச் சேரப் போகிறது என்பதே கேள்வி.

ஐந்தில் ஒருவர்

2023-ஆம் ஆண்டுக்கான அரசின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர். வயது வந்தோரில் தொற்று விகிதம் 0.20 சதவீதம். புதிய தொற்றுகள் 2010-ஐ ஒப்பிட 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கின்றன. இது சாதனைதான். ஆனாலும் ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகின்றனர்.

சராசரிக் கணக்கு பல உண்மைகளை மறைக்கும். மிசோரமில் இந்த விகிதம் 2 சதவீதத்துக்கும் மேல். நாகாலாந்தில் 1 சதவீதத்துக்கும் மேல். தொற்றுள்ளோரின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால் மகாராஷ்டிரமும் ஆந்திரமும் கர்நாடகமும் முன்னிலையில் நிற்கின்றன.

ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு 2025-ஆம் ஆண்டுக்கு மூன்று இலக்குகளை வைத்தது. தொற்றுள்ளோரில் 95 சதவீதம் பேர் தம் நிலையை அறிந்திருக்க வேண்டும். அப்படி அறிந்தவர்களில் 95 சதவீதம் பேர் சிகிச்சையில் இருக்க வேண்டும். சிகிச்சை பெறுவோரில் 95 சதவீதம் பேருக்குக் கிருமியின் அளவு கட்டுக்குள் வந்திருக்க வேண்டும். இந்தியா 2023-24இல் எட்டிய நிலை முறையே 81, 88, 97 சதவீதம்.

இந்த மூன்று எண்களில் கடைசி எண் மருந்தின் வெற்றியைச் சொல்கிறது. முதல் எண் சமூகத்தின் தோல்வியைச் சொல்கிறது. மருந்து கைக்குக் கிடைத்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் நலமாக இருக்கிறார்கள். ஆனால் தொற்றுள்ள ஐவரில் ஒருவருக்கு, தமக்குத் தொற்று இருப்பதே தெரியாது. எண்ணிக்கையில் இது சுமார் 5 லட்சம் பேர். அறிவதற்கான இடங்கள் நாடெங்கும் இருக்கின்றன. ஒருங்கிணைந்த ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்கள் என்று அவற்றுக்குப் பெயர். தமிழகத்தில் அவை 'நம்பிக்கை மையம்' என்று அறியப்படுகின்றன. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியமாக வைக்கப்படும். அப்படியிருந்தும் அந்த ஐந்தாமவர் ஏன் வரவில்லை?

அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு

ஏழை மக்களின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பரிசோதனையின் முடிவு இந்த நாட்டில் மனிதர்களை என்ன செய்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தயக்கத்தின் நியாயம் புரியும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடம் எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அறிவியல் நோக்கில் அது மாபெரும் பணி. ஆனால் "இது அந்தப் பெண்களின் நோய்' என்ற முத்திரையும் அப்போதே சமூகத்தின் மனத்தில் விழுந்துவிட்டது.

மூன்றாண்டுகள் கழித்து, 1989-இல், கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் காவல் துறையினரால் அழைத்துச் செல்லப்பட்டு, கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவர் செய்த குற்றம், ரத்த தானம் செய்தது. தானம் தந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது. தொற்றாளர்களைத் தனிமைப்படுத்த அப்போதைய கோவா பொதுச் சுகாதாரச் சட்டம் இடம் தந்தது. அவருடைய தாயார் தொடுத்த வழக்கில், அந்தச் சட்டப் பிரிவு செல்லும் என்றே மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. டொமினிக் 1992-இல் காலமானார்.

1997-இல் அதே நீதிமன்றத்தின் முன் இன்னொருவர் வந்தார். பொதுத் துறை நிறுவனம் ஒன்றின் தற்காலிகத் தொழிலாளி. நிறுவனம் நடத்திய பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிய வந்ததால் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. மற்றபடி வேலை செய்யும் உடல் தகுதி அவருக்கு இருந்தது. பெயரை வெளியிடாமல் வழக்குத் தொடுக்க அவரை அனுமதித்த நீதிமன்றம், வேலை செய்யத் தகுதியுள்ளவரைத் தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விலக்குவது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. எட்டாண்டுகளில் நீதிமன்றம் வெகு தூரம் நடந்து வந்திருந்தது. சமூகம் அவ்வளவு வேகமாக நடக்கவில்லை.

ஆக, ஒரு கூலித் தொழிலாளியின் கண்ணில் பரிசோதனை என்பது வெறும் மருத்துவ நடவடிக்கை அல்ல. வேலை, வாடகை வீடு, பிள்ளையின் பள்ளி, மகளின் திருமணம் ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தின் மீது பணயம் வைக்கும் காரியம். அந்தக் காகிதத்தை வேறு எவரும் பார்க்க மாட்டார்கள் என்ற உறுதியையே வீட்டுப் பரிசோதனை அவருக்குத் தருகிறது. அதன் ஈர்ப்பும் அதுதான்.

இருபது நிமிடக் கணக்கு

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2012 ஜூலையில் 'ஓராகுயிக்' என்ற வீட்டுப் பரிசோதனைக் கருவிக்கு ஒப்புதல் அளித்தது. 2016 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், சுய பரிசோதனையை எச்.ஐ.வி. பரிசோதனையின் கூடுதல் வழியாக ஏற்கும்படி எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

கருவியின் செயல்பாடு சிக்கலானதல்ல. ஒரு பட்டையின் மெத்தென்ற முனையால் மேல் ஈறையும் கீழ் ஈறையும் ஒருமுறை துடைத்து எடுத்து, அதைச் சிறு குப்பியிலுள்ள திரவத்தில் நிறுத்த வேண்டும். இருபது நிமிடங்களுக்குப் பின் படிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தெரிந்தால் தொற்றுக்கான அறிகுறி இல்லை என்று பொருள். இரண்டு கோடுகள் தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. கட்டுப்பாட்டுக் கோடே தெரியாவிட்டால் சோதனை செல்லாது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வகைகளும் உண்டு.

வாயிலிருந்து எடுப்பதால் எச்சில் வழியாக எச்.ஐ.வி. பரவும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. எச்சில் வழியாக அது பரவுவதில்லை. கருவி தேடுவது கிருமியை அல்ல. கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அந்த எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், கடைசி மூன்று மாதங்களுக்குள் ஏற்பட்ட தொற்றை இக்கருவி தவறவிடக்கூடும். ஏற்கெனவே கூட்டு மருந்து உட்கொண்டு வருபவருக்கும் இது தவறான விடை தரக்கூடும்.

ஓராகுயிக்குக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டபோது கூறப்பட்ட கணக்கு இது: மக்கள் தாமாகச் செய்துகொள்ளும்போது, தொற்றுள்ள நூறு பேரில் சுமார் 92 பேரை அது சரியாகக் காட்டும், தொற்று இல்லாத பத்தாயிரம் பேரில் இருவரை மட்டும் தவறாகத் தொற்றுள்ளவராகக் காட்டும்.

இந்தியாவின் 0.20 சதவீத விகிதத்தை இதில் பொருத்திப் பார்க்கலாம். பத்தாயிரம் பேர் பரிசோதித்துக்கொண்டால் அவர்களில் 20 பேருக்குத் தொற்று இருக்கும். கருவி 18 பேரைக் கண்டுபிடிக்கும், இருவரைத் தவறவிடும். தொற்றே இல்லாத இருவருக்கு இரண்டு கோடுகளைக் காட்டும். அதாவது, இரண்டு கோடுகளைக் கண்டு உடைந்துபோகும் இருபது பேரில் இருவர் காரணமின்றி உடைந்துபோவார்கள். தொற்றுள்ள இன்னும் இருவர், தமக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புவார்கள்.

கருவியின் குறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. முதற்கட்டச் சோதனை எதுவாயினும் இப்படித்தான். அதனால்தான் அரசு மையங்களில்கூட, அறிகுறி ஏதும் இல்லாத ஒருவருக்கு மூன்று வெவ்வேறு சோதனைகளிலும் தொற்று தெரிந்தால் மட்டுமே "எச்.ஐ.வி. உண்டு' என்று உறுதி செய்யப்படுகிறது. வீட்டில் தெரியும் இரண்டு கோடுகள் தீர்ப்பு அல்ல; மையத்துக்குப் போகச் சொல்லும் அழைப்பு. இந்த ஒரு வாக்கியத்தை, தனியாக உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் பார்க்கும் மனிதருக்கு அந்த நேரத்தில், அவருடைய மொழியில் சொல்வது யார்?

பிளாண்டையர் தரும் பாடம்

இக்கேள்விக்கு ஏட்டளவில் விடை தேட வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளில் ஒன்றான மலாவியின் பிளாண்டையர் நகரில், வறிய குடியிருப்புகளில் வாழும் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வயது வந்தோருக்கு வீட்டுப் பரிசோதனை அளிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2015-இல் வெளியாயின. கருவிகளைக் கொடுத்தவர்கள் அதே தெருவில் வசித்த, பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

முதல் ஆண்டிலேயே பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் பரிசோதித்துக்கொண்டனர். ஏழைகள் பரிசோதனைக்கு வர மாட்டார்கள் என்ற வாதம் அத்துடன் முடிந்தது. பரிசோதனை அவர்களிடம் வந்தபோது அவர்கள் தயங்கவில்லை.

ஆனால் தொற்று தெரிய வந்தவர்களில் மருத்துவமனைக்குச் சென்றவர்கள் பாதிக்குச் சற்றே அதிகம்தான். எஞ்சியவர்கள் உண்மையை அறிந்தார்கள், அதோடு நின்றுவிட்டார்கள். வேறொன்றும் தெரிய வந்தது. பரிசோதித்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு மூவர் அளவில், தாங்கள் கட்டாயப்படுத்தப்பட்டதாகக் கூறினர். கட்டாயப்படுத்தியவர் பெரும்பாலும் வாழ்க்கைத் துணை.

அதே நகரில் நடந்த இன்னொரு ஆய்வு 2014-இல் வெளியானது. சுய பரிசோதனையில் தொற்று தெரிந்தவர்களுக்கு, விரும்பினால் சிகிச்சையையும் வீட்டிலேயே தொடங்கலாம் என்ற வாய்ப்பு சில பகுதிகளில் வழங்கப்பட்டது. அந்த வாய்ப்பு இல்லாத பகுதிகளைவிட, இருந்த பகுதிகளில் சிகிச்சை தொடங்கியோர் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கருவி மட்டும் வீட்டுக்கு வந்தால் அரைப் பயன். அதன் பின்னால் மருந்தும் மனிதரும் வந்தால்தான் முழுப் பயன் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தியாவுக்கும் இது புதிய பாடமல்ல. மகாராஷ்டிரத்தின் வார்தாவை அடுத்த சேவாகிராமில், மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பிரசவத்துக்கு வந்த கிராமத்துப் பெண்களுக்கு, இரவு பகல் எந்நேரமும் பிரசவ வார்டிலேயே வாய்வழித் துரிதப் பரிசோதனை செய்யப்பட்டது. 2008-இல் வெளியான அந்த ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ எல்லோருமே சம்மதித்தனர். தொற்று தெரிந்தால் குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் மருந்து அந்த இடத்திலேயே இருந்தது என்பதே அதன் சிறப்பு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் (நாகோ) ஒத்துழைப்போடு, சமூக அமைப்புகளின் வாயிலாகச் சுய பரிசோதனைக் கருவிகளை வழங்கிப் பார்க்கும் முன்னோடி முயற்சிகளும் பின்னர் பல மாநிலங்களில் நடந்தன.

சம்மதம் யாருடையது?

எச்.ஐ.வி., எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. தில்லி உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பின்னரே, 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் அறிந்த சம்மதம் இன்றிப் பரிசோதனை கூடாது. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை தரப்பட வேண்டும். வேலைக்கு நிபந்தனையாகப் பரிசோதனை கேட்கக் கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. தொற்று பற்றித் துணைவரிடம் தெரிவித்தால் ஒரு பெண் தாக்கப்படவோ கைவிடப்படவோ கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், மருத்துவர் அதைத் தெரிவிக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

இவை அனைத்தும், பரிசோதிப்பவர் ஒருவர், பரிசோதிக்கப்படுபவர் ஒருவர் என்ற இரு தரப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கருவி பெட்டிக்கடைப் பொருளாகும்போது அந்த இரு தரப்பும் மறைந்துவிடுகின்றன. குடிசையின் ஒற்றை அறையில், கணவன் கருவியை நீட்டி "இப்போதே செய்' என்று சொன்னால், மனைவியின் சம்மதத்தைக் கேட்க அங்கு எந்த ஆலோசகரும் இல்லை. கர்ப்பகாலப் பரிசோதனையில் மனைவிக்கு முதலில் தொற்று தெரியவர, நோயைக் கொண்டு வந்தவளே அவள்தான் என்று கணவன் வீட்டார் பழி சுமத்தி வெளியேற்றிய அவலங்களை இந்த நாடு ஏராளமாகக் கண்டிருக்கிறது. அப்போதாவது ஒரு செவிலியர் அருகில் இருந்தார்.

தொழிலாளர் ஒப்பந்ததாரரின் கையில் கருவி சிக்கினால்? நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம். சிறு விசைத்தறிக் கூடங்களும், கட்டுமானக் களங்களில் பத்து இருபது பேராகப் பிரித்து வேலை வாங்கும் ஒப்பந்ததாரர்களும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. பாதுகாப்பு மிகவும் தேவைப்படுவோரை நூறு என்ற எண் வெளியே நிறுத்திவிட்டது.

இந்த ஆபத்துகளைக் காட்டி வீட்டுப் பரிசோதனையே வேண்டாம் என்பது சரியல்ல. மையத்துக்கு ஒருபோதும் வராத ஒருவருக்கு மையத்தின் பாதுகாப்புகளால் என்ன லாபம்? பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், ஊசிவழிப் போதை எடுப்போர், லாரி ஓட்டுநர்கள் ஆகியோருக்கு அரசு மருத்துவமனையின் வாசல் எப்போதும் அன்பான வாசலாக இருந்ததில்லை. இந்தப் பட்டியலிலேயே இல்லாதவர்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டம் பாங்கர்மவ் பகுதியில், போலி மருத்துவர் ஒருவர் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளானதாக 2018-இல் தெரிய வந்தது. சளிக்கும் காய்ச்சலுக்கும் மலிவு வைத்தியம் தேடிப் போன ஏழைகள் அவர்கள். தமக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்று எண்ணவே அவர்களுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

சந்தையா, ஆஷாவா?

கருவி யார் கையால் வருகிறது என்பதே அது யாருக்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கும். 2017-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு, 50 நாடுகளின் பொதுச் சுகாதாரத் திட்டங்களுக்கு ஓராகுயிக் கருவியை 2 டாலர் விலையில் தர உற்பத்தி நிறுவனம் முன்வந்தது. அமெரிக்கக் கடைகளில் அதே கருவி 40 டாலர் அளவில் விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. விலையை நிர்ணயிப்பது தொழில்நுட்பம் மட்டுமல்ல, கொள்முதல் செய்யும் கையின் வலிமையும்தான் என்பதற்கு இது சான்று. மருந்துக் கடையிலும் இணைய அங்காடியிலும் மட்டும் கிடைக்கும் பொருளாக விட்டுவிட்டால், தனி அறையும் கைப்பேசிச் செயலியும் உடைய நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்கு அது ஒரு வசதியாக முடிந்துவிடும்.

மாற்று வழிக்கு இங்கேயே முன்னுதாரணம் உண்டு. 'நிஷ்சய்' என்ற கர்ப்பப் பரிசோதனைக் கருவி, ஆஷா ஊழியர்கள் மூலம் கிராமப்புறப் பெண்களின் வீட்டு வாசலுக்கே இலவசமாகச் செல்கிறது. 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, வீட்டிலேயே செய்துகொள்ளும் கொரோனா பரிசோதனைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒப்புதல் தந்தது. சாமானிய மக்கள் கருவியைச் சரியாகக் கையாள மாட்டார்கள் என்ற வாதம் அந்த இரு அனுபவங்களுக்குப் பின் எடுபடாது.

ஆனால் ஆஷா ஊழியர் அதே தெருவில் வசிப்பவர். அவர் யார் வீட்டில் எந்தப் பெட்டியைக் கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே எச்.ஐ.வி.க்கு அவர் ஒருவரே போதாது. தொற்றோடு வாழ்வோரின் சங்கங்கள், பாலியல் தொழிலாளர்களின் கூட்டமைப்புகள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றுக்கும் இதில் இடம் வேண்டும். வீடு என்ற சொல்லையும் விரித்துப் பொருள் கொள்ள வேண்டும். கதவுள்ள ஏதேனும் ஓர் அறை, அது தொழிற்சங்க அலுவலகத்தின் பின்னறையாக இருந்தாலும், லாரி நிலையத்து மருத்துவ முகாமாக இருந்தாலும், மாலை ஷிப்டு முடிந்த பின்னும் திறந்திருந்தால் அதுவே சூரத் தொழிலாளிக்கு வீடு.

ஜன்பத்தில் ஒரு மாதம்

பரிசோதனைக்குப் பின்னால் அரசு நிற்கிறதா என்ற கேள்விக்கு 2022-இல் தில்லியே சாட்சியாக இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில், ஜன்பத் சாலையில் சந்திரலோக் கட்டடத்திலுள்ள நாகோ அலுவலகத்தின் வாசலில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் அமர்ந்தார்கள். மருந்து கையிருப்பு தீர்ந்துவிட்டது. மாதக்கணக்கில் தர வேண்டிய மாத்திரைகள் நாள் கணக்கில் தரப்படுகின்றன என்பது அவர்களது முறையீடு. நாடு முழுவதும் தட்டுப்பாடு இல்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக அவர்கள் அங்கேயே இருந்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி, தமிழகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலும் தில்லியிலும் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கிய நாடு இது. 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்பது அரசின் கொள்கை. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட 15,471.94 கோடி ரூபாயும் மத்திய அரசின் நிதி. அக்கறை இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில், சிகிச்சை வழங்குவது பற்றிய பிரிவில், "இயன்றவரை' என்ற ஒரு சொல் இடம்பெற்றது. அதை நீக்க வேண்டும் என்று தொற்றோடு வாழ்வோரின் அமைப்புகள் அப்போதே வலியுறுத்தின. நீக்கப்படவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து ஜன்பத் நடைபாதையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் எடை தெரியும்.

வீட்டுப் பரிசோதனை பரவலானால், தம் நிலையை அறியாத அந்த 5 லட்சம் பேரில் பலர் முதன்முறையாக உண்மையை அறிவார்கள். அவர்களுக்கு மூன்று சோதனைகள் செய்து உறுதிப்படுத்தும் மையம் வேண்டும். பேசுவதற்கு ஓர் ஆலோசகர் வேண்டும். ஆயுள் முழுக்கத் தடையின்றி மருந்து வேண்டும். அந்த ஆலோசகர்களும் ஆய்வக நுட்பர்களும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். கருவி வந்துவிட்டது, இனி மையங்கள் எதற்கு என்று சிக்கனக் கணக்குப் போடும் நாள் வருமானால், வீட்டுப் பரிசோதனை என்பது அரசு தன் கடமையை ஏழையின் கையிலேயே கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் ஏற்பாடாகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. கருவி இலவசமாகத் தரப்பட வேண்டும். விளக்கக் குறிப்பு ஒடியாவிலும் போஜ்புரியிலும் வங்காளியிலும், படிக்கத் தெரியாதவருக்குப் படமாகவும் இருக்க வேண்டும். நாகோவின் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் ஒவ்வொரு பெட்டியின் மீதும் பெரிதாக அச்சிடப்பட வேண்டும்; அதில் அழைப்பவரின் மொழியில் பேசும் ஆள் இருக்க வேண்டும். கட்டாயப் பரிசோதனைக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு, நூறு பேருக்குக் குறைவான பணியிடங்களுக்கும் வீட்டுக்குள்ளும் நீள வேண்டும். மருந்து கையிருப்பு ஒரு நாளும் தீரக் கூடாது.

சூரத்தில் இரவு ஷிப்டு முடிந்து, இன்னொருவர் எழுந்துபோன பாயில் படுக்கப்போகும் கஞ்சாம் தொழிலாளிக்கு, தம் உடலில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதை அவர் யாருக்கும் தெரியாமல் அறிந்துகொள்ளலாம். ஆனால் அறிந்த பின் அவர் தனியாக விடப்படக் கூடாது.